மூட்டில் விட்ட கோடு வெடிப்பு அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. அரியாலை உறவுகள் நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வாசிகசாலைக்கு வந்திருக்கும் புதிய புத்தக அலுமாரியின் படங்கள் மூன்று நாட்களாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. சட்டங்கள் சந்திக்கும் இடங்களில் சிவப்பு வட்டம் போட்டுப் பகிர்கிறார்கள். "மூட்டெல்லாம் வாய் பிளந்து நிக்குது", "பொதுக்காசில செய்த வேலையைப் பாருங்கோ" என்று கீழே கருத்துகள். ஓடாவியாருக்குக் கொடுக்கவேண்டிய மிச்சக் காசை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளிகளை மரத்தூளும் கம்மும் குழைத்து அடைத்து, மேலே வார்னிஷ் அடித்துத் தந்தால்தான் காசு என்று சிலர் சொல்லியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகப் போகிறது.

அதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடுகள் வேண்டுமென்றே விடப்பட்டவை. அவற்றை அடைத்தால் அலுமாரி கெடும். காசை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

நான் மரவேலை தெரிந்தவள் அல்ல, கணிதம் படிப்பிக்கிறவள். ஆனால் வட்டம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நேரே போய் அலுமாரியையும் பார்த்தேன், ஓடாவியாரின் பட்டறைக்கும் போனேன். "ரீச்சர், அது நான் விட்டது. மரம் அசையும் எல்லோ" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. வேலை தெரிந்த பலருக்கு அதை விளக்கிப் பேசத் தெரியாது. பேசத் தெரிந்த நாங்கள்தான் படத்தில் வட்டம் போடுகிறோம்.

முதலில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று சொல்கிறேன். அலுமாரிக் கதவில் நிமிர்ந்த சட்டமும் குறுக்குச் சட்டமும் சந்திக்கும் இடத்தில், சேரும் விளிம்பு நெடுக 2 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு காடி வெட்டியிருக்கிறார். சட்டத்துக்குள் நிற்கும் பலகையைச் சுற்றியும் அப்படி ஒரு கோடு. மேற்பலகை பக்கப் பலகைகளில் நேராக உட்காராமல், உள்ளுக்குத் தள்ளி வைத்த ஒரு மெல்லிய சட்டத்தின் மேல் உட்காருகிறது. அதனால் மேற்பலகைக்குக் கீழே 3 மில்லிமீற்றர் உயரத்தில் ஓர் ஒடுங்கிய இருட்டு ஓடுகிறது. இவ்வளவுதான். இந்த இருட்டைத்தான் வெளிநாட்டில் மரவேலை செய்பவர்கள் நிழல் கோடு என்கிறார்கள். எங்கட ஓடாவிமார் பெரிய பெயர் ஒன்றும் வைப்பதில்லை. "காடி விடு", "ஒரு கீறு விடு" என்பார்கள்.

காடி மேலோட்டமானது. அதற்குள்ளே கழுந்து துளையில் இறுக்கமாகத்தான் நிற்கிறது. சந்தேகமிருந்தால் கதவைத் திறந்து, மேல் மூலையையும் எதிர்க் கீழ் மூலையையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். நான் பார்த்தேன். சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. மூட்டு ஆடினால் அது பிழை. மூட்டில் கோடு தெரிந்தால் அது பிழை ஆகாது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், கையால் தொட்டால்தான் வேறுபாடு விளங்கும்.

சரி, ஏன் விடவேண்டும்?

மரம் வெட்டிக் காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், விடும். எடுக்கும்போது பருக்கும், விடும்போது சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரேயளவாக அல்ல. நார் ஓடும் நீளப்பாட்டில் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுதான். அகலப்பாட்டில்தான் அசைவு. அதிலும் ஆண்டு வளையங்களைத் தொட்டுக்கொண்டு ஓடும் திசையில், மரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எங்கள் அலுமாரி தேக்கு. மரங்களுக்குள் அசைவு குறைந்தவற்றில் ஒன்று. அதற்கே கணக்குப் பார்ப்போம். வளையங்களின் திசையில் அறுத்த தேக்குப் பலகை, ஈரம் 1 சதவீதம் மாறும்போது ஒவ்வொரு 1000 மில்லிமீற்றர் அகலத்துக்கும் சுமார் 1.9 மில்லிமீற்றர் மாறும். கதவுப் பலகை 350 மில்லிமீற்றர் அகலம். காய்ந்த காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் நடுவில் மரத்தின் ஈரம் 3 சதவீதம் மாறுகிறது என்று வையுங்கள். 350 மில்லிமீற்றர் பலகை ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் கூடிக் குறையும். சட்டத்துக்குள் நிற்கும் ஒரு பலகை இரண்டு மில்லிமீற்றர் அசையப் போகிறது, இது அடம்பிடித்து நிறுத்தக்கூடிய விடயம் அல்ல. ஊறிய மரத்தின் பலம் தெரியாதவர்கள் மார்கழியில் கிணற்றடிக் கதவைத் திறந்து பார்க்கட்டும்.

யாழ்ப்பாணத்துக் காலநிலை இதற்கென்றே அமைந்தது போல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருடத்து மழையின் பெரும்பகுதியும் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் அடித்து எல்லாவற்றையும் காயவைக்கும். அரியாலையில் இதோடு கடல்நீரேரிப் பக்கத்து உப்புக் காற்றும் சேர்கிறது. அலுமாரி வந்து இறங்கியிருப்பது ஆவணியில். அதாவது மரம் நன்றாகக் காய்ந்து ஒடுங்கியிருக்கும் நேரத்தில். இப்போது தெரியும் இடைவெளி வருடத்திலேயே அகலமான இடைவெளி.

இந்த நேரத்தில் அதைக் கம்மும் தூளும் போட்டு அடைத்தால் என்ன நடக்கும்? கார்த்திகையில் பலகை பருக்கும். போக இடம் இல்லை. ஒன்றில் அடைத்ததை வெளியே பிதுக்கும், அல்லது சட்டத்தின் மூட்டைத் தள்ளி விரிக்கும். அது நடக்காமல் தப்பினாலும் இன்னொன்று காத்திருக்கிறது. கம் பலகையைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்துவிடும். அடுத்த சோளகத்தில் பலகை ஒடுங்கப் பார்க்கும், இரண்டு பக்கமும் பிடி விடாது. அப்போது பலகை நடுவால் பிளக்கும். அந்த வெடிப்புக்கு மருந்து இல்லை. இப்போது சிவப்பு வட்டம் போட்டவர்கள் அப்போது சரியான இடத்தில் வட்டம் போடலாம்.

இது கற்பனை அல்ல. எங்கள் பகுதியில் ஒரு கலியாண வீட்டுக்கு மாசி மாதம் செய்த இரட்டைக் கதவு அலுமாரி ஒன்று இருக்கிறது. மூட்டே தெரியாமல் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அடைத்து, தேய்த்து, மினுக்கிக் கொடுத்தார்கள். உண்மையாகவே அழகாக இருந்தது. ஆவணி வரும்போது ஒவ்வொரு மூட்டிலும் வார்னிஷ் கிழிந்து, உடைந்த கோப்பையின் விளிம்பு மாதிரிக் கோணல் மாணலாக ஒரு மயிர்க்கோடு. செய்தவரைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் அந்த மூட்டில் கோடு எப்படியும் வரத்தான் போகிறது. நாங்கள் தெரிவு செய்யக்கூடியது ஒன்றுதான்: அதை ஓடாவி நேராக வெட்டி வைப்பதா, மரம் தன்பாட்டுக்குக் கிழித்துக்கொள்வதா?

கண்ணுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கொப்பிகளை விளிம்பு சமனாக அடுக்கிப் பாருங்கள். ஒன்று அரை மில்லிமீற்றர் தள்ளி நின்றால் உடனே தெரியும். வெளிச்சம் அந்தப் படியில் பட்டுக் காட்டிக்கொடுக்கும், நகம் தடுக்கும். இப்போது மேல் கொப்பியை 3 மில்லிமீற்றர் உள்ளுக்குத் தள்ளி வையுங்கள். பிறகு அதை மூன்றரையாக்கிப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. பூச்சியத்திலிருந்து அரைக்குப் போவது ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று முளைப்பது. மூன்றிலிருந்து மூன்றரைக்குப் போவது ஆறில் ஒரு பங்கு கூடுவது, அவ்வளவுதான். மரம் ஆடி மாதத்தில் ஒரு மாதிரியும் மார்கழியில் ஒரு மாதிரியும் நின்றாலும், நிழல் கோடு விட்ட மூட்டு வருடம் முழுக்க ஒரே மாதிரித் தோன்றுவது இதனால்தான்.

இது எங்களுக்குப் புதிது என்று நினைக்கவேண்டாம். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். மேசன் ஈரச் சீமெந்தில் நூல் பிடித்துக் கோடு இழுத்துச் சதுரம் சதுரமாகப் பிரித்திருப்பார். சின்ன வயதில் அதில் கால் படாமல் தாண்டி விளையாடாத பிள்ளை உண்டா? அது கோலம் மட்டும் அல்ல. சீமெந்து காயும்போது சுருங்கும், எங்காவது வெடிக்கும். மெலிந்த இடம் கோடுதான் என்பதால் வெடிப்பு அந்தக் கோட்டுக்குள்ளேயே போய்ப் படுத்துவிடும். நாங்கள் அழகென்று பார்த்தோம், மேசனுக்கு அதன் காரியமும் தெரிந்திருந்தது.

அதேபோலத்தான் வாசல் இரட்டைக் கதவு. இரண்டு கதவும் சந்திக்கும் நடுவில் உருட்டு வெட்டிய ஒரு சட்டம் மேலிருந்து கீழ்வரை ஓடும். மழைக்கு நெருங்கி வெயிலுக்கு விலகும் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள மாறும் இடைவெளியை அது மறைக்கிறது. அந்த உருட்டின் பக்கத்திலும் ஒரு சின்னக் காடி இருக்கும். அதை இடைவெளி என்று யாரும் சொன்னதில்லை, வாசலுக்கு வடிவு என்றுதான் சொன்னார்கள்.

மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளிலும் ஓடாவிமார் இதைக் கையால்தான் செய்தார்கள். பழைய வாள்த் தகட்டில் ஒரு துண்டை உடைத்து, முனையை அராவி வடிவாக்கி, ஒரு மரக்கட்டைக்குள் செருகி, விளிம்போடு வைத்து இழுத்து இழுத்து எடுப்பது. பொறுமை வேண்டிய வேலை. கையால் இழுத்த காடிக்கு இப்போதைய மெசின் காடிக்கு இல்லாத ஒரு மென்மை உண்டு என்பது என் அபிப்பிராயம். எங்கள் அலுமாரியில் மெசினால்தான் வெட்டியிருக்கிறார், ஆனால் மூலைகளைக் கடைசியில் உளியால் முடித்திருக்கிறார். குனிந்து பார்த்தால் தெரியும்.

வெளியே கொஞ்சம் பார்ப்போம். மஸ்ஜிதுல் அக்ஸாவில் இருந்த பழைய மிம்பரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. 12ஆம் நூற்றாண்டில் நூருத்தீன் ஸன்கி செய்விக்கத் தொடங்கியது, 1187இல் ஜெருசலேம் கைக்கு வந்தபின் ஸலாஹுத்தீன் அய்யூபி கொண்டுவந்து வைத்தது. ஆயிரக்கணக்கான சிறு மரத்துண்டுகள் நட்சத்திரமும் பலகோணமுமாக, ஆணியும் பசையும் இல்லாமல், நாக்கும் காடியுமாகக் கோத்தவை. துருக்கியில் இந்த முறையைக் குண்டேகாரி என்பார்கள். ஒவ்வொரு துண்டும் தன் காடிக்குள் கொஞ்சம் அசைய இடம் இருக்கும். துண்டுகளுக்கு நடுவில் ஓடும் அந்தக் கோடுகள்தான் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அலங்காரம், மரத்துக்கு அதுவே மூச்சு விடும் இடம். சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும் நாட்டில் எண்ணூறு வருடம் அது பிளக்காமல் நின்றது. 1969 ஓகஸ்ட் 21இல் ஒருவன் வைத்த தீயில்தான் போனது. அதே முறையில் ஜோர்தானில் புதிதாகச் செய்த மிம்பர் 2007இல் அங்கே வைக்கப்பட்டது. பசையை ஊற்றி ஒட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை.

அமெரிக்காவில் சார்ள்ஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்று இரண்டு சகோதரர்கள். கட்டடக் கலைஞர்கள். 1908இல் கலிபோர்னியாவின் பசடீனா நகரில் அவர்கள் வடிவமைத்த கேம்பிள் வீடு இன்றும் பார்வைக்கு இருக்கிறது. அந்த வீட்டிலும் தளபாடத்திலும் ஒரு சட்டம் இன்னொன்றைச் சந்திக்கும்போது இரண்டையும் ஒரே மட்டத்துக்குச் சீவாமல், ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தியோ பதித்தோ விட்டார்கள். விளிம்புகளை உருட்டினார்கள். மரம் அசைந்தாலும் அந்தப் படி அதை வாங்கிக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் மூட்டின் ஓரமாக ஒரு மெல்லிய நிழல் விழும். பணத்துக்குக் குறைவில்லாத வீடு அது. வேலை தெரியாமல் விட்ட படி என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது எல்லாம் மர அசைவுக்காக மட்டும்தான் என்று வாதிட்டால் பாதியைத்தான் சொன்னவள் ஆவேன். கோயில்களின் கல் அடித்தளத்தைப் பாருங்கள். குமுதம் என்ற பருத்த பகுதிக்கும் பட்டிகைக்கும் நடுவில் கண்டம் என்று உள்ளொடுங்கிய ஒரு பகுதி வரும். கண்டம் என்றால் கழுத்து. கல் மரத்தைப்போல ஊறிப் பருப்பதில்லை, ஆனாலும் ஸ்தபதி அங்கே ஒரு நிழலை வைத்தார். அவ்வளவு பாரமும் ஒரே மொத்தையாகத் தெரியாமல், ஒன்றின் மேல் ஒன்று வைத்ததாகத் தெரிகிறது. எங்கள் அலுமாரியின் மேற்பலகைக்குக் கீழே ஓடும் அந்த 3 மில்லிமீற்றர் இருட்டும் அதைத்தான் செய்கிறது. தடித்த பலகை பாரமில்லாமல் மிதப்பதுபோல் இருக்கிறது. நான் வாசலில் நின்று பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். அழகுக்காக ஒரு வேலை செய்வது பொதுக்காசை வீணாக்குவது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. வாசிகசாலைக்கு வரும் பிள்ளை நல்ல பொருள் ஒன்றைத் தினமும் பார்க்கட்டுமே.

அப்படியானால் எங்கள் சனத்துக்கு இது ஏன் பிழையாகத் தெரிகிறது? இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

1990 ஒக்டோபர் 30இல் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பப்பட்டோம். 1995இல் அதே ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டது. நீங்களும் நாங்களும் திரும்பி வந்தபோது வீடுகளில் கதவு, யன்னல், கூரை மரம் எதுவும் இருக்கவில்லை. எங்கட வீட்டில் நிலையைப் பிடுங்கிய இடத்தில் சுவரில் ஒரு பள்ளம்தான் இருந்தது. எவருடைய வீட்டுக் கதவு எவருடைய அடுப்பில் எரிந்தது என்று நான் இப்போது கணக்குக் கேட்கவில்லை. சொல்ல வருவது வேறு. நூறு வருடத்துக் கதவுகள், அலுமாரிகள், பெட்டகங்கள் போனபோது பார்த்துப் பழகுவதற்கு இருந்த மாதிரிகளும் போய்விட்டன. அதன்பிறகு பிறந்த பிள்ளைகள் பிளாஸ்ரிக் கதிரையிலும் கடைப் பலகை அலுமாரியிலும் வளர்ந்தவர்கள். அவற்றில் மூட்டே இல்லை, அல்லது கடதாசி மாதிரி ஒரு தோலை ஒட்டி மூடியிருக்கும். தோல் மூடியதுதான் நேர்த்தி என்று கண் பழகிவிட்டது. வட்டம் போட்ட தம்பிமாரில் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

எதிர்த்துச் சொல்லப்படுபவற்றில் நியாயமானவையும் உண்டு. ஒன்று, "இது பிழையை மறைக்கிற தந்திரம்". ஓரளவுக்கு உண்மைதான். அரை மில்லிமீற்றர் வேறுபாட்டை நிழல் விழுங்கிவிடும் என்று மேலே நானே சொன்னேன். என் வாப்பா தையல்காரர். கொலர் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி ஒரு தையல் ஓட்டுவார். துணி உருளாமல் இருக்கவும் அது வேண்டும், விளிம்பில் இருக்கும் சிறு வளைவை அது கண்ணிலிருந்து மறைக்கவும் செய்யும். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே தையல் விட்டுப்போன சட்டைக்கு மேலே அலங்காரத் தையல் போட்டுக் கொடுத்தால் அது ஏமாற்று. மரத்திலும் அதே அளவுகோல்தான். கழுந்து தளர்ந்த மூட்டுக்குக் காடி வெட்டி அழகு காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் முதலில் அசைத்துப் பாருங்கள் என்கிறேன்.

இரண்டாவது தூசு, எறும்பு, கரப்பான். தூசு அடையும், மறுக்கவில்லை. ஆகவே எல்லா இடத்திலும் காடி விடக்கூடாது. குசினி மேசைத் தட்டில் வேண்டவே வேண்டாம், மா புகுந்தால் போகாது. பள்ளிக்கூட மேசையின் மேற்பலகையிலும் வேண்டாம். எங்கே ஒரு பள்ளம் கண்டாலும் பேனையை ஓட்டிப் பார்ப்பது மாணவரின் இயல்பு, மிச்சத்தைப் பபிள்கம் நிரப்பும். மேசையின் கால் குறுக்குச் சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் விடலாம், தட்டில் அல்ல.

மூன்றாவது நான் சேர்ப்பது. மெசின் வந்தபிறகு சிலர் கோடு போடுவதையே தொழிலாக்கிவிட்டார்கள். மூட்டு இல்லாத ஒற்றைப் பலகையில் பன்னிரண்டு கோடு. அமுக்கிச் செய்த பலகைக் கதவில் சட்டமும் பலகையும் இருப்பதுபோலப் பொய்க் காடி. கோடு போட்ட கொப்பி மாதிரி இருக்கும். இரண்டு மரம் சந்திக்கிறது என்று கோடு சொல்கிறது, அங்கே சந்திப்பே இல்லை. அகலம் ஒத்துவராத பலகைகளை அடுக்கும்போது பழைய ஓடாவிமாரும் ஒரு அகலப் பலகையின் நடுவில் இன்னொரு கோடு இழுத்து எல்லாவற்றையும் ஒரே அகலமாகக் காட்டுவது உண்டு. அதை நான் ஏற்றுக்கொள்வேன், அது வரிசையைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. பன்னிரண்டு கோட்டுக்கு எந்தக் காரணமும் இல்லை.

இப்போது வீட்டுக்குத் தளபாடம் செய்விக்க இருப்பவர்களுக்கு. பலகை சட்டத்துக்குள் அசைய இடம் விட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குள் கம் போட்டு ஒட்டவேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். மரம் எவ்வளவு காலம் காய்ந்தது என்று கேளுங்கள், ஈரமரத்தை எந்தக் காடியும் காப்பாற்றாது. காடி வெட்டுவதற்குக் கூட நேரம் ஆகும், அந்த நேரத்துக்கும் காசு கொடுங்கள். அடைத்துத் தேய்ப்பதைவிட நேராகக் கோடு எடுப்பது கஷ்டம். கோணினால் ஒளிக்க இடமில்லை. வேலை தெரியாதவர்கள் இதனாலும் அடைப்பதை விரும்புகிறார்கள்.

இத்கான் என்ற சொல்லைப் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம், எடுத்த வேலையைத் திருத்தமாகச் செய்வது. செய்பவனுக்கு மட்டும்தான் அது கடமையா? திருத்தமாகச் செய்ததைத் திருத்தம் என்று ஒப்புக்கொண்டு நாளுக்குக் கூலியைக் கொடுப்பது செய்விப்பவனின் பக்கத்துக் கடமை என்றுதான் நான் விளங்கி வைத்திருக்கிறேன். இரண்டு கிழமையாக அந்த மனிசன் காசுக்கு அலைகிறார். கடனுக்கு மரம் கொடுத்த மரக்காலை காத்திருக்காது. அவரோடு நிற்கும் பெடியன் இந்த வருடம்தான் வேலை பழக வந்தவன். காடி விட்டால் காசு வராது, கம் பூசி மினுக்கினால் வரும் என்று அவன் இப்போதே படித்துக்கொண்டால், இன்னும் பத்து வருடத்தில் காடி விடத் தெரிந்த ஒருவரை அரியாலையில் தேடவேண்டி வரும்.

ஞாயிறு கூட்டத்துக்கு நானும் வருகிறேன். எவரையும் குறைசொல்ல அல்ல. கூட்டம் அலுமாரிக்கு முன்னால் நடந்தால் நல்லது, ஆளுக்கொரு முறை கதவை அசைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம். அப்படியும் திருப்தி இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை: காசைக் கொடுத்துவிட்டு, இப்போது காடியின் அகலத்தை அளந்து பென்சிலால் உள்பக்கத்தில் எழுதி வைப்போம். மார்கழியில் மறுபடி அளப்போம். தரம் 9 பிள்ளைகளைக் கொண்டு நானே அளப்பிக்கிறேன், அவர்களுக்கும் ஒரு பாடம் ஆகும்.

கடைசியாகப் பராமரிப்பு, ஏனென்றால் இதை யாரும் கேட்கவில்லை. காடிக்குள் ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள். பழைய பல்துலக்கும் பிறஷ் ஒன்றை அலுமாரிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் போதும். இன்னும் சில வருடத்தில் மறுபடி வார்னிஷ் அடிக்கும்போது காடியில் தேங்க விடவேண்டாம். தேங்கினால் அதுவும் கம் மாதிரிப் பலகையைப் பிடித்துவிடும். மடித்த துணியின் ஓரத்தால் ஈரமாக இருக்கும்போதே ஒற்றி எடுத்துவிடுங்கள்.